கேம்பரை மணலுக்குள் இழுத்துப் போவதா, தார் ரோட்டோரம் விட்டுவிட்டுப் போவதா?

அரைச்சக்கரம் எழுதியது:

வணக்கம். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி அப்புறம்.

எங்களிடம் இருப்பது ஒற்றை அச்சு கொண்ட, மேலே கூடாரம் விரிகிற சின்ன ஆஃப் ரோடு கேம்பர். வெறும் எடை 750 கிலோ. தண்ணீர், கேஸ், துணிமணி, பிள்ளைகளின் வாளி, மண்வெட்டி எல்லாம் ஏறினால் 1,100 தாண்டிவிடும். இழுப்பது டீசல் ஃபோர் வீல் டிரைவ். நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், கூடவே மாமியார்.

போன முறை போனது ஆளரவமற்ற ஒரு கடற்கரை. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து 14 கிலோமீட்டர் மணலிலேயே ஓட்ட வேண்டும். காரின் நான்கு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் கார் முக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அவ்வளவுதான், அச்சுவரை உட்கார்ந்துவிட்டது. இறங்கிச் சுற்றிச் சுற்றி வந்தபோது மாமியார்தான் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, பின்னாடி சக்கரத்துக்குக் காத்து இறக்க வேண்டாமா?"

கேம்பரின் இரண்டு டயரும் தார் ரோட்டுக் காற்றோடு, 40 பிஎஸ்ஐயில், கல் மாதிரி நின்றன. அந்த மூன்று கிலோமீட்டரும் நான் இழுத்தது கேம்பரை அல்ல, ஒரு கலப்பையை.

அதற்குள் கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. கேம்பரைக் கழற்றி, காரை மட்டும் தோண்டி எடுத்தோம். கேம்பர் அங்கேயே நிற்க, நுரை அதன் இடது சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. அந்த வழியாக வந்த இன்னொரு வண்டிக்காரர் கயிறு போட்டு இழுத்துத் தராவிட்டால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன், கேம்பரையும் விற்றிருப்பேன்.

இப்போது மூன்று இரவுக்கு மறுபடி போகலாம் என்று பேச்சு. மனைவியின் நிபந்தனை: கேம்பரைத் தார் ரோட்டு முனையில் விட்டுவிட்டு, சின்னக் கூடாரத்தோடு காரில் மட்டும் உள்ளே போவோம். எனக்கோ, மாமியாரைத் தரையில் படுக்க வைக்க மனமில்லை. கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ் எல்லாம் கேம்பரில்தான் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் இந்த எடையை மணலில் இழுத்துப் போவது சாத்தியமான காரியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். திட்டுவதென்றாலும் திட்டலாம், வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

மணல்வாரி எழுதியது:

தம்பி, திட்டவெல்லாம் மாட்டேன். என் முதல் பயணத்தில் நான் எந்த டயரிலும் காற்று இறக்கவில்லை.

சாத்தியம்தான். 1,100 கிலோ பெரிய எடை இல்லை. ஆனால் மணலில் டிரெய்லர் என்பது தானாகச் சுழலாத, இழுத்தால் மட்டும் வருகிற இரண்டு சக்கரம். அது புதையப் புதைய இழுவை எங்கிருந்து வரும்? உங்கள் காரின் நான்கு சக்கரத்திலிருந்துதான். அதனால் கேம்பருக்கும் காருக்கும் ஒரே விதி. 18இல் ஆரம்பியுங்கள், எஞ்சின் முக்கினால் நிறுத்தி 16. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அகலத்தைவிட நீளம்தான் அதிகம் கூடுகிறது, தரையில் படுகிற பகுதி நீண்டு டிராக்டர் பட்டை மாதிரி ஆகிறது. 15க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம், எனவே அது கடைசிக் கை. அந்தக் காற்றோடு வேகமும் வேண்டாம், திடீர்த் திருப்பமும் வேண்டாம். தார் ரோட்டைத் தொட்டதும் ஆறு டயரையும் நிரப்பியே ஆக வேண்டும். காற்றடிக்கிற கம்ப்ரசர் சூடேறித் தானாக நின்றால் பதறாதீர்கள், ஆறியதும் ஓடும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்து, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் காரின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தையும், கேம்பரின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கார் அழுத்திப் போட்ட தடத்திலேயே கேம்பர் ஓடும். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் அது தனக்கென்று புதுத் தடம் வெட்டிக்கொண்டு வரும். என் பழைய டிரெய்லரில் ரிம்மை மாற்றிச் சரி செய்த பிறகு, அதே கார் அதே மணலில் ஒரு கியர் கூடுதலாகப் போனது.

உங்கள் கேம்பரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதன் பலத்தை மணலில் குறைத்து வையுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் மணல் குவிந்து அதுவே சுவராகிவிடும். பொதுவாகவே மணலில் பிரேக் போடாதீர்கள், காலை எடுத்தால் போதும், தானே நிற்கும். நிற்பதும் கடலைப் பார்த்த சரிவில் நிற்கட்டும், கிளம்பும்போது சரிவு உதவும். கழற்றி நிறுத்தும்போது கேம்பரின் முன்முனையைத் தாங்குகிற சின்னச் சக்கரத்தை, அதாவது ஜாக்கி வீலை, முழுதாக மடக்கிக் கட்டுங்கள், அது தொங்கினால் நங்கூரம்தான். காரின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சரியாக வேகம் தேவைப்படுகிற இடத்தில் அது எஞ்சினை அடக்கும்.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். நீங்கள் "இன்னும் கொஞ்சம் மிதித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அத்தனை தோண்டலும் அந்தக் கொஞ்சத்தில்தான் இருந்தது. வந்த தடத்திலேயே இரண்டு மீட்டர் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனால் பாதி நேரம் வெளியே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யார் இழுத்துத் தருவதாக இருந்தாலும், கயிற்றை டிரெய்லர் பூட்டுகிற உருண்டையில் மாட்ட விடாதீர்கள். அது இந்த அடிக்குச் செய்ததல்ல. முறிந்தால் குண்டாகப் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசிஸில் இதற்கென்று இருக்கிற கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிறு இழுபடும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

சந்தேகப்பிராணி எழுதியது:

நான் உங்கள் மனைவி கட்சி.

மணல்வாரி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அது இரண்டு வண்டி சேர்ந்து போகிறவர்களுக்குச் சரி. நீங்கள் ஒற்றை வண்டி, வயதானவர் ஒருவர், நாலு வயதுப் பையன். போன முறை வந்த புண்ணியவான் இந்த முறையும் வருவார் என்று என்ன உத்தரவாதம்? இன்னொரு வண்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் கேம்பரை வெளியே விடுங்கள். இரண்டும் இல்லாமல் போவதாக இருந்தால் புதைந்த சக்கரத்துக்கு அடியில் போடுகிற மீட்புப் பலகை நான்கு (இரண்டு போதாது, கேம்பருக்கும் வேண்டும்), நீளப்பிடி மண்வெட்டி, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்கிற 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன், இவ்வளவும் இல்லாமல் சக்கரத்தை மணலில் வைக்காதீர்கள். பீக்கனை முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள், பெட்டியிலேயே கிடந்தால் அது வெறும் மஞ்சள் பொம்மை.

வாலுகளின் அம்மா எழுதியது:

ஆண்கள் டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாள் இருக்க வேண்டுமே!

எனக்கு இரண்டு வால்கள், ஆறு வருடமாகக் கடற்கரை முகாம். என்னைப் பயமுறுத்துவது அலையைவிட இரண்டு விஷயம்.

ஒன்று நெருப்பு. இரவில் விறகு எரித்துவிட்டு மணலைப் போட்டு மூடிவிடுவார்கள், பார்க்க நெருப்பே இல்லாத மாதிரி இருக்கும். மணல் மூடிய கங்கு லேசில் அணைவதில்லை, போர்த்தி வைத்த மாதிரி உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். முந்தின நாள் யாரோ மூடிவிட்டுப் போன இடத்தில் என் சின்னவள் காலை எட்டு மணிக்கு ஓடினாள். மேலே பார்த்தால் ஓர் அடையாளமும் இல்லை, சாதாரண மணல். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டது. நல்ல தண்ணீர் இருபது நிமிடம் விடாமல் ஊற்றினோம், மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம், நாங்கள் கிளம்பிய நேரத்துக்குக் கடல் வற்றியிருந்தது ஏதோ அதிர்ஷ்டம். அன்றிலிருந்து எங்கள் நெருப்பு வாளி வாளியாகக் கடல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்துப் பார்த்த பிறகுதான் விடப்படும். வந்து இறங்கியதும் கரியோ கரைந்த சாம்பலோ தெரிகிற இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டுவிடுவேன்.

இரண்டாவது, குழி. பிள்ளைகளுக்கு வாளியும் மண்வெட்டியும் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம் இல்லையா? ஈர மணல் சுவர் மாதிரி நேராக நிற்கும், ஈரம் காயக் காய சொல்லாமல் சரியும். உள்ளே குனிந்திருக்கிற பிள்ளைமேல் சரிந்தால் கையால் தோண்டித் தோண்டி முடியாது, தோண்டத் தோண்ட மணல் உள்ளேதான் விழும். எங்கள் வீட்டுச் சட்டம்: வீட்டிலேயே சின்னவரின் முழங்கால் ஆழம், அதற்கு மேல் ஓர் அங்குலம் இல்லை. உங்கள் மகனின் முழங்கால்தான் அளவுகோல். சுரங்கம் தோண்டுவது கிடையவே கிடையாது. கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள், இரவில் வண்டியும் விழும், ஆமையும் விழும்.

அலையைப் பற்றி ஒரே வரி: இரு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுப்பாக, அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள், தண்ணீர் ஆளைக் கடலுக்குள் இழுக்கிற இடம் அதுதான்.

மற்றதெல்லாம் சில்லறை. கேம்பர் வாசலில் ஒரு தாம்பாளத்தில் கால் கழுவத் தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியாக மட்டும் நல்ல தண்ணீர். ஜிப்புக்கு ஒரு பழைய டூத் பிரஷ். மணல் புகுந்த ஜிப்பை பலங்கொண்டு இழுத்தால் கூடாரமே போச்சு.

அரைச்சக்கரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முழங்கால் சட்டத்தை மகளிடம் சொன்னேன், உடனே தம்பியை நிற்க வைத்து அளந்து ஒரு குச்சியில் கோடு போட்டுவிட்டாள். அளவு நாடா வேலையும் முடிந்தது: கேம்பர் காரைவிட 12 சென்டிமீட்டர் குறுகல். இப்போதைக்கு ரிம் மாற்ற முடியாது.

சந்தேகப்பிராணி சொன்னதை மறுக்க முடியவில்லை. மனைவியின் அண்ணன் குடும்பத்தைக் கேட்டிருக்கிறேன், அவரிடமும் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. வருகிறார் என்றால் கேம்பர் உள்ளே, இல்லையென்றால் வெளியே. மனைவி இதற்குச் சரி சொல்லிவிட்டாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். போன முறை கடல் ஏறி வற்றுகிற நேர அட்டவணையைப் பார்த்துத்தான் போனேன், கடல் முழுதாக ஏற இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் எப்படித் தண்ணீர் வந்தது? இன்னொன்று, ஃப்ரிட்ஜுக்கு 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியும் 200 வாட் சோலார் பலகையும் போதுமா?

மணல்வாரி எழுதியது:

கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஒரு நாளைக்கு இருமுறை ஏறி வற்றுகிற கரைகளில் ஓர் ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் சொச்சம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கிக்கொள்ளுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று. 2.4 மீட்டர் ஏறுகிற கடல் என்றால் முதல் மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர்தான், "பரவாயில்லையே" என்று தோன்றும். நடுவில் வருகிற ஒவ்வொரு மணியிலும் 60. கரையின் சரிவு முப்பதுக்கு ஒன்று என்றால், அந்த 60 சென்டிமீட்டர் தரையில் 18 மீட்டராகத் தெரியும். மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் அது கடல் மிக வேகமாக ஓடி வருகிற நேரத்தின் நட்டநடு, பாதி ஏற்றம் அதற்குள் முடிந்திருக்கும்.

அட்டவணை நிலாவையும் சூரியனையும்தான் கணக்கில் எடுக்கும். கரையை நோக்கிக் காற்று அடித்தாலோ, காற்றழுத்தம் குறைந்தாலோ தண்ணீர் அதைவிட மேலே வரும். அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்.

நாள் எப்படிப் பார்ப்பது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். வற்றும்போது கெட்டி மணல் அகலமாகக் கிடைக்கும், ஆனால் இரவில் தண்ணீர் மணல்மேட்டு அடிவரை வரும். உங்களுக்கு அரைநிலா நாளுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் நல்லது. ரோடு கொஞ்சம் குறுகல், ஆனால் தூக்கம் நிச்சயம். கடல் முழுதாக வற்றுகிற நேரத்துக்கு இரண்டு மணி முன்பும் பின்பும் மட்டும் ஓட்டுங்கள். அந்த நேரம் ஒரு நாளைக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப் போகும். போகும் நாளில் காலை 8 மணிக்கு வற்றினால், மூன்றாம் நாள் கழித்துத் திரும்பும்போது பத்தரை. அந்த நேரத்துக்குத் தகுந்த மாதிரி கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பியுங்கள்.

கேம்பரை நிறுத்த, கரையில் பாசியும் குச்சியும் ஒதுங்கிய கோடுகளைப் பாருங்கள். புதுக் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், காய்ந்து வெளுத்த பழைய கோடு இன்னும் மேலே இருக்கும், அதற்கும் மேலேதான் நம் இடம். அதற்காகச் செடி கொடி படர்ந்த மணல்மேட்டில் ஏற்றிவிடாதீர்கள், அந்த வேர்தான் மேட்டையே பிடித்து வைத்திருக்கிறது.

12 வோல்ட் எழுதியது:

பேட்டரி கேள்விக்கு என் பங்கு. 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வெயில் காலத்தில் சராசரியாக 2 முதல் 3 ஆம்பியர் எடுக்கும் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 50 முதல் 70 ஆம்பியர் ஹவர். 200 வாட் பலகை ஐந்து மணி நேர நல்ல வெயிலில், இழப்பெல்லாம் போக, 58 கிட்ட திருப்பித் தரும். மூன்று இரவு தாராளமாக ஓடும், இரண்டு நாள் மேகம் போட்டாலொழிய. ஃப்ரிட்ஜை வீட்டிலேயே ஒரு நாள் முன்பு குளிர வைத்து ஏற்றுங்கள். பலகையை நிழலில் நிற்கிற கேம்பர் மேல் வைக்காதீர்கள், கம்பி நீட்டி வெயிலில் போடுங்கள். காலையும் மதியமும் ஈரத்துணியால் துடையுங்கள், உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது.

அரைச்சக்கரம் எழுதியது:

போய்விட்டு வந்தோம்!

மச்சான் குடும்பமும் வந்தது. அரைநிலாவுக்கு இரண்டாம் நாள், காலை 8.10க்கு மணலில் இறங்கினோம். காருக்கு 18, கேம்பருக்கு 16. காற்றுமானி மாமியார் கையில் இருந்தது, ஆறு டயரையும் அவரே பிடித்துப் பார்த்து "ம், போகலாம்" என்ற பிறகுதான் வண்டி எடுத்தேன். போன முறை உட்கார்ந்த மூன்றாவது கிலோமீட்டரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கடந்தோம். கண்ணாடியில் பார்த்தால் கேம்பர் தன் பன்னிரண்டு சென்டிமீட்டர் தடத்தைத் தனியாக வெட்டிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வந்தது. மீட்புப் பலகையை இறக்கவே இல்லை. மகன் மட்டும் ஒன்றை எடுத்து மணல்மேட்டில் சறுக்கு மரமாக்கினான்.

தண்ணீரில்தான் நல்ல முடிவு எடுத்தேன் என்று நினைக்கிறேன். தொட்டியில் பாதி, மீதியைக் கேன்களில் இரண்டு காரிலும் பிரித்து ஏற்றினோம். மணலில் கேம்பர் 40 கிலோ குறைவாக இருந்தது.

கோட்டை விட்டது கூடார முளையில். வீட்டுப் புல்தரையில் அடிக்கிற அதே குட்டி முளைகளை எடுத்துப் போயிருந்தேன். இரண்டாம் இரவு, மணி இரண்டு இருக்கும், காற்று திரும்பியது. முன்பந்தல் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு கேம்பரை அறைய ஆரம்பித்தது. மச்சானும் நானும் லுங்கியோடு ஓடிப் பிடித்தோம். பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழம் புதைத்த பிறகு அசையவில்லை. பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். மாமியார் உள்ளிருந்து டார்ச் அடித்துக் கொடுத்தார், அதுவும் சரியாக என் கண்ணில்.

ஒரு கேள்வி பாக்கி. திரும்பி வந்து தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் ஓடியதும் கேம்பர் சக்கர ஹப்பை, அதாவது பேரிங் இருக்கிற நடுக்குடத்தை, தொட்டேன். வலது வெதுவெதுப்பு, இடது கை வைக்க முடியாத சூடு. அடியெல்லாம் நல்ல தண்ணீரில் கழுவியாகிவிட்டது. பேரிங் போயிருக்குமா?

மணல்வாரி எழுதியது:

ஓட்டாதீர்கள். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், அது உப்புத் தண்ணீரைத் தொட்டால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, பேரிங்கைக் காக்கிற ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இந்த முறை தண்ணீரில் இறக்கினீர்களா? இடது மூடியைக் கழற்றி கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அரைச்சக்கரம் எழுதியது:

கழற்றிவிட்டேன். வலது சுத்தம். இடது பால் நிறம், உருளைகளில் துருப் புள்ளி வேறு.

இந்த முறை ஒரு துளி கடல் தண்ணீர் கூடப் படவில்லை அண்ணா. போன முறை நுரை தொட்டுத் தொட்டுப் போனது என்று எழுதினேனே, அது இந்தச் சக்கரம்தான். புது பேரிங் சொல்லியிருக்கிறேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.